ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) தமிழ்நாட்டைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞரும் நடன அமைப்பாளரும் ஆவார். சென்னை அடையாற்றில் கலாசேத்திரா என்னும் கலைப்பள்ளியைத் தோற்றுவித்து ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். இந்திய நாடாளுமன்றத்தின் மாநிலங்களவை உறுப்பினராகவும் விலங்கு நல ஆர்வலராகவும் அறியப்பட்டவர்.

சதிர் என்று அழைக்கப்பட்ட தனிநபர் ஆடலை இவர் முறையாகக் கற்றார். அதன் அடவுகளையும் அபிநயத்தையும் கொண்டே பலர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகங்களை அமைத்தார். ஏறத்தாழ 25 நாட்டிய நாடகங்கள் இவரால் உருவாக்கப்பட்டன. நடன அமைப்பு என்பது தனிப்பாடமாகக் கற்பிக்கப்படாத காலத்தில் இவர் அதை எவ்வாறு கற்றார், பிறருக்கு எவ்வாறு கற்பித்தார் என்பது இவரது வாழ்க்கையின் முக்கியமான பகுதியாகும். சதிரில் இவர் செய்த மாற்றங்கள் பாராட்டையும் கடுமையான எதிர்ப்பையும் ஒருங்கே பெற்றன.

பிறப்பும் குடும்பமும்

ருக்மிணி தேவி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர்; வடமொழிப் பயிற்சி உடையவர். தாய் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தை பிரம்மஞான சபையில் பற்றுக்கொண்டிருந்தமையால், பணி ஓய்வுக்குப் பின் குடும்பம் சென்னைக்கு வந்து அடையாற்றில் குடியேறியது. ருக்மிணியின் தமையனார் ஸ்ரீராம் பின்னாளில் 1953 முதல் 1973 வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தார்.

பிரம்மஞான சபை 1882 ஆம் ஆண்டு அடையாற்றின் தென்கரையில் தோட்டமும் மாளிகையும் வாங்கித் தன் தலைமையகத்தை அமைத்திருந்தது. பல நாட்டவரும் வந்து தங்கும் இடமாக அது விளங்கியது. அன்னி பெசண்ட் அம்மையாரின் அன்பைப் பெற்றவராக ருக்மிணி அச்சூழலில் வளர்ந்தார். பல மொழி பேசுவோரின் இசை, நாடகம், கைவினை ஆகியவற்றை இளமையிலேயே காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

திருமணமும் வெளிநாட்டுப் பயணங்களும்

1920 ஆம் ஆண்டு ருக்மிணி, ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அருண்டேல் காசி மத்திய இந்துக் கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றியவர். அன்னி பெசண்டின் நெருங்கிய துணைவர். மணமகளுக்கு வயது 16. மணமகன் அவரைவிட 25 ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண் வெளிநாட்டவரை மணந்தது அன்றைய சென்னையில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது.

திருமணத்திற்குப் பின் இருவரும் பல நாடுகளுக்குச் சென்றனர். ருக்மிணி இளம் பிரம்மஞானிகளின் அனைத்திந்திய அமைப்புக்கு 1923 இலும் உலக அமைப்புக்கு 1925 இலும் தலைவரானார். ஐரோப்பாவில் இசைநாடகங்களையும் பாலே நடனத்தையும் கண்டார். 1920களின் இறுதியில் ஆத்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் உருசிய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவுடன் நட்புக்கொண்டார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டின் ஆடற்கலையைத் தேடிக் கற்குமாறு பாவ்லோவா இவருக்கு அறிவுரை கூறினார்.

இதே பாவ்லோவாவின் தொடர்பால் நடனத்துக்கு வந்த மற்றோர் இந்தியர் உதயசங்கர் ஆவார். அவர் 1923 ஆம் ஆண்டு பாவ்லோவாவுடன் சேர்ந்து ஆடியவர். இருவரும் பின்னர் வேறு வேறு வழிகளில் சென்றனர். உதயசங்கர் எந்த ஒரு மரபின் இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல் புதிய ஆடல் மொழி ஒன்றைத் தேடினார். ருக்மிணி தேவியோ ஒரு மரபின் இலக்கணத்தை முழுதும் கற்ற பின்னரே அதைக்கொண்டு புதியன அமைக்க முற்பட்டார்.

சதிரைக் கற்றல்

1933 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று சென்னை மியூசிக் அகாதெமியில் நடைபெற்ற சதிர்க் கச்சேரியை ருக்மிணி தேவி கண்டார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியரான இராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகிய சகோதரிகள் அன்று ஆடினர். இவரை அக்கச்சேரிக்கு அழைத்தவர் வழக்கறிஞரும் சதிரின் ஆதரவாளருமான ஈ. கிருஷ்ண ஐயர். ருக்மிணி தேவிக்கு அப்போது வயது 28.

அக்காலத்தில் சதிர், கோயில்களிலும் அரண்மனைகளிலும் செல்வர் இல்ல விழாக்களிலும் தேவரடியார் மரபைச் சேர்ந்த பெண்களால் ஆடப்பட்டது. அதைக் கற்பித்தவர்கள் நட்டுவனார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் முயன்ற காலம் அது. அவ்வழக்கத்தோடு ஆடலும் பழிக்கப்பட்டது. ஆடலைக் காக்க வேண்டும் என்று வாதிட்டவர்களின் முயற்சியால் பரதநாட்டியம் என்னும் பெயர் 1930களில் பரவலாயிற்று.

ருக்மிணி தேவி முதலில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடம் பயின்றார். அபிநயத்தில் பெரும் புகழ் பெற்ற கௌரி அம்மாள், பாலசரசுவதிக்கும் கற்பித்தவர் ஆவார். பின்னர் ருக்மிணி தேவி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அடவுகளையும் வர்ணம் முதலிய உருப்படிகளையும் கற்றார். தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வெளிக்குலத்துப் பெண் ஒருவர் குறுகிய காலத்தில் இக்கலையைக் கற்க முடியுமா என்று முதலில் தயங்கினார். பின்னர் அடையாற்றுக்கே வந்து தங்கிக் கற்பித்தார்.

1935 ஆம் ஆண்டு திசம்பரில், பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டையொட்டி அடையாற்றில் ருக்மிணி தேவி முதன்முதலாகப் பலர் முன்னிலையில் ஆடினார். சதிர் மரபில் பிறவாத ஒரு பெண் மேடையில் ஆடியது அன்று துணிவான செயலாகக் கருதப்பட்டது.

கலாசேத்திரா

1936 ஆம் ஆண்டு சனவரியில் ருக்மிணி தேவி, தம் கணவரின் துணையுடன் அடையாற்றில் சர்வதேசக் கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் இது கலாசேத்திரா என்று பெயர் பெற்றது. முதல் மாணவி இவருடைய தமையனார் மகள் இராதா. இவர் பின்னாளில் இராதா பர்னியர் என்ற பெயரில் பிரம்மஞான சபையின் தலைவரானார்.

கலாசேத்திராவின் ஆசிரியர் வரிசை குறிப்பிடத்தக்கது. இசையில் டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மைசூர் வாசுதேவாச்சாரியார் ஆகியோரும், வீணையில் காரைக்குடி சாம்பசிவ ஐயரும், நாட்டியத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை, காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளை ஆகியோரும், கதகளியில் அம்புப் பணிக்கர், சந்துப் பணிக்கர் ஆகியோரும் பல்வேறு காலங்களில் பணியாற்றினர். வரதாச்சாரியாரின் மாணவரான எம். டி. இராமநாதன் பின்னர் இங்கேயே இசையாசிரியரானார்.

நாட்டிய மாணவர்கள் ஆடலோடு இசை, வடமொழி, நாட்டியக் கோட்பாடு ஆகியவற்றையும் கற்றனர். 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை விலகிய பின்னர் ருக்மிணி தேவியும் மாணவியரும் நட்டுவாங்கத்தைத் தாமே ஏற்றனர். அதுவரை ஆண் நட்டுவனார்களே பெரும்பாலும் செய்துவந்த அப்பணி இதன்பின் பெண்களின் கைக்கும் வந்தது. பாடத் தெரிந்த, தாளம் தட்டத் தெரிந்த ஆடற்கலைஞரே புதிய உருப்படியை அமைக்கத் தகுதி பெறுகிறார் என்பது கலாசேத்திராவின் நடைமுறையாக அமைந்தது.

நடன அமைப்பைக் கற்ற வழி

சதிரில் புதிய ஆக்கம் இல்லாமல் இல்லை. நட்டுவனார்கள் ஜதிகளைக் கோத்தனர். வர்ணங்களுக்கும் தில்லானாக்களுக்கும் ஆடல் அமைத்தனர். 19 ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தினர். ஆனால் அவ்வாக்கம் பெரும்பாலும் தனிநபர் ஆடலுக்கு உரியதாக இருந்தது. ஒருவரே தலைவியாகவும் தோழியாகவும் தலைவனாகவும் மாறி மாறி அபிநயிப்பது அதன் இயல்பு. பத்துப் பேர் ஒரே மேடையில் வெவ்வேறு பாத்திரங்களாக நிற்கும்போது யார் எங்கே நிற்பது, ஒருவர் ஆடும்போது மற்றவர் என்ன செய்வது, ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு எவ்வாறு செல்வது ஆகிய கேள்விகளுக்கு அதில் ஆயத்தமான விடை இல்லை.

ருக்மிணி தேவி இவ்விடைகளைப் பல இடங்களிலிருந்து கற்றார். முதலாவது, தமிழகத்திலேயே இருந்த கூட்டு ஆடல் வடிவங்கள். கோயில்களில் ஆடப்பட்டுவந்த குறவஞ்சியும், தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் முதலிய ஊர்களில் ஆண்கள் மட்டுமே நடித்துவந்த பாகவத மேளமும் இவ்வகையின. இரண்டாவது, கேரளத்துக் கதகளி. அரசன், அரக்கன், குரங்கு போன்ற ஆண் பாத்திரங்களின் நடைக்கும் நிலைக்கும் சதிரில் கிடைக்காத வலிமை கதகளியிலிருந்து கிடைத்தது. மூன்றாவது, இவர் வெளிநாடுகளில் கண்ட பாலேயும் நாடகமும். பாலேயின் அசைவுகளை இவர் தம் ஆக்கங்களில் புகுத்தவில்லை. மேடை வெளியைப் பயன்படுத்துதல், ஒளியமைப்பு, நேர ஒழுங்கு ஆகியவற்றையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார். மேடைக்கலை அறிந்த அலெக்ஸ் எல்மோர், ஒளியமைப்பில் தேர்ந்த கான்ராட் வோல்ட்ரிங் ஆகியோர் இதில் துணைநின்றனர்.

உடையிலும் மேடையிலும் இவர் செய்த மாற்றங்கள் பரவலாகப் பின்பற்றப்பட்டன. கோயில் சிற்பங்களைப் பார்த்து ஆடையும் அணிகலனும் வடிவமைக்கப்பட்டன. ஆடுபவரின் பின்னால் நின்று அவரோடு நகர்ந்துவந்த இசைக்குழு, மேடையின் ஒரு பக்கத்தில் அமரவைக்கப்பட்டது. இம்மாற்றம் நடன அமைப்புக்கும் உதவியது. ஆடுவோர் மேடையின் முழு ஆழத்தையும் பயன்படுத்த இயன்றது.

குற்றாலக் குறவஞ்சி

1944 ஆம் ஆண்டு அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி கலாசேத்திரா நாட்டிய நாடகங்களின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 18 ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய இந்நூல் குற்றாலநாதரைத் தலைவராகக் கொண்டது.

புதிய ஆக்கத்துக்கு இந்நூல் பொருத்தமாக அமைந்ததன் காரணத்தை அதன் கட்டமைப்பில் காணலாம். தலைவி வசந்தவல்லி பந்தாடும் பகுதி, அடவுகளுக்கு இயல்பாக இடம் தருகிறது. இறைவனின் உலாவைக் கண்டு காதல் கொண்டு அவள் நிலவைப் பழிக்கும் பகுதி, பதம் ஆடிப் பழகியவருக்கு நன்கு தெரிந்த அபிநயம். குறத்தி வந்து குறிசொல்லும் பகுதி இருவர் உரையாடல். குறவன் பறவை பிடிப்பதும், மனைவியைத் தேடி அலைவதும் நகைச்சுவையும் நாட்டுப்புறச் சாயலும் உடையவை. எனவே ஒரே நூலில் தனியாடல், குழுவாடல், உரையாடல், நகைச்சுவை ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. சதிரைக் கற்ற ஒருவர் குழு ஆக்கத்துக்குச் செல்ல இது படிக்கட்டாக விளங்கியது.

இதனை அடுத்து 1947 ஆம் ஆண்டு காளிதாசரின் குமாரசம்பவம் மேடையேறியது. குறவஞ்சியைப் போல ஆடலுக்கென்றே எழுதப்படாத ஒரு காவியத்திலிருந்து காட்சிகளைத் தேர்ந்து, தொகுத்து, இசையமைத்து ஆடச்செய்தது இதில் கண்ட அடுத்த படியாகும்.

இராமாயண வரிசை

ருக்மிணி தேவியின் ஆக்கங்களுள் மிகப் பெரியது வால்மீகி இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்ததாகும். சீதா சுயம்வரம், இராம வனகமனம், பாதுகா பட்டாபிஷேகம், சபரி மோட்சம், சூடாமணிப் பிரதானம், மகா பட்டாபிஷேகம் என்பன அவை. 1955 ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வரிசை 1970 ஆம் ஆண்டு நிறைவுபெற்றது.

இதற்கு இசையமைக்கத் தொடங்கியவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். தியாகராசரின் சீடர் வழியில் வந்த அவர், கலாசேத்திராவில் பணியேற்றபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். 1961 ஆம் ஆண்டு அவர் மறைந்த பின் அவருடைய பேரன் எஸ். ராஜாராம் எஞ்சிய பகுதிகளின் இசையை முடித்தார். பதினைந்து ஆண்டுகள் நீண்ட பணியில், முதல் பகுதியில் மாணவராக இருந்தவர்கள் பின்வந்த பகுதிகளில் ஆசிரியர்களாகவும் முதன்மைப் பாத்திரங்களாகவும் வளர்ந்தனர். 1953 ஆம் ஆண்டு சந்துப் பணிக்கருடன் கேரளத்திலிருந்து சிறுவர்களாக வந்த வி. பி. தனஞ்செயனும் பாலகோபாலனும் இவ்வகையில் உருவானவர்கள். தனஞ்செயன் இராமராகவும் கிருஷ்ணவேணி இலட்சுமணன் சீதையாகவும் நடித்துப் பெயர்பெற்றனர்.

பிற நாட்டிய நாடகங்கள்

ஜெயதேவரின் கீத கோவிந்தம், பாபநாசம் சிவன் இசையமைத்த கண்ணப்பர் குறவஞ்சி, பாகவத மேள மரபைத் தழுவிய உஷா பரிணயம், ஆண்டாள் சரித்திரம், ருக்மிணி கல்யாணம், தாகூரின் சியாமா, மீனாட்சி விஜயம், தமயந்தி சுயம்வரம் முதலியவை இவர் அமைத்த பிற நாட்டிய நாடகங்களுள் சில. தமிழ், வடமொழி, தெலுங்கு, வங்காளம் எனப் பல மொழி இலக்கியங்களிலிருந்து இவர் கருப்பொருள் எடுத்தார்.

உஷா பரிணயம் உருவான முறை நோக்கத்தக்கது. மூலமான பாகவத மேளத்தில் நடிகர்களே பாடி, பேசி நடிப்பர்; பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்பர். இரவு முழுதும் நிகழ்ச்சி நீளும். அரங்கில் சில மணி நேரத்துக்குள் அடங்குமாறும், பெண்களும் ஆடுமாறும் அமைக்கும்போது எதை விடுவது, எதைக் காப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அம்மரபின் மூத்த கலைஞரான பாலு பாகவதரைக் கலாசேத்திராவுக்கு வரவழைத்துக் கேட்டறிந்த பின்னரே இப்பணி செய்யப்பட்டது. வேறொரு மரபிலிருந்து எடுக்கும்போது அம்மரபின் ஆசிரியரையே முன்னிறுத்துவது இவரது வழக்கமாக இருந்தது.

ஒத்திகையும் மதிப்பீடும்

கலாசேத்திராவில் ஒரு புதிய ஆக்கம் பல படிகளில் உருவானது. முதலில் நூல் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பண்டிதர்களின் துணையுடன் பொருள் விளக்கப்பட்டது. அடுத்து எந்தச் செய்யுள்களைப் பாடுவது என்று தொகுக்கப்பட்டது. பின்னர் இசை அமைக்கப்பட்டது. இசை முடிந்த பிறகே ஆடல் அமைப்புத் தொடங்கியது. உடை, அணிகலன், ஒளி ஆகியவை இறுதியில் சேர்ந்தன. ஆக்கத்தின் அடித்தளம் சொல்லும் பண்ணும். அசைவு அதன்மேல் எழுவது என்பது இவ்வரிசையால் புலப்படும்.

ஒத்திகையே நடன அமைப்பைக் கற்பிக்கும் வகுப்பாகவும் இருந்தது. மூத்த கலைஞர்கள் சிறு பாத்திரங்களிலும் ஆடினர். இளைய மாணவர்கள் தோழியராகவும் முனிவர்களாகவும் ஊர்மக்களாகவும் நின்றபடி மற்றவர்க்குக் கூறப்படும் திருத்தங்களைக் கேட்டனர். ஒருவரே வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பாத்திரங்களை ஏற்றார். இதனால் ஒரு காட்சியைப் பல இடங்களிலிருந்து பார்க்கும் பழக்கம் மாணவருக்கு ஏற்பட்டது. பின்னாளில் தாமே ஆக்கங்கள் படைத்த பலர் இவ்வாறு கற்றவர்களே.

இவரது ஆக்கங்களிலிருந்து, ஒரு நாட்டிய நாடகத்தை மதிப்பிட உதவும் சில அளவுகோல்களைப் பெறலாம்:

- சொல்: பாடலின் பொருளை ஆடல் விளக்குகிறதா, அல்லது பொருளை விட்டு விலகிய அலங்காரமாக நிற்கிறதா.
- இசை: இராகமும் தாளமும் காட்சியின் உணர்வுக்கு ஏற்றவையா, ஜதிகள் கதையோட்டத்தை நிறுத்திவிடுகின்றனவா.
- தூய்மை: அடவுகள் அரைமண்டி நிலையிலும் கை, கால் கோடுகளிலும் பிசகாமல் உள்ளனவா, குழுவில் உள்ள அனைவரும் ஒத்து ஆடுகின்றனரா.
- அடக்கம்: ஆடாமல் நிற்பவரும் பாத்திரமாகவே நிற்கிறாரா, ஒருவர் தம் திறமையைக் காட்ட மற்றவரை மறைக்கிறாரா.
- காட்சி: நிறம், உடை, ஒளி ஆகியவை ஆடலுக்குத் துணைநிற்கின்றனவா, அதை மிஞ்சுகின்றனவா.

மிகைப்பட்ட மேடைத் திரைகளும் மின்னும் சரிகைகளும் மலிந்திருந்த நாடக மேடைகளோடு ஒப்பிடுகையில் கலாசேத்திராவின் மேடை எளிமையாக இருந்தது. கைத்தறிச் சேலைகளுக்காக 1937 ஆம் ஆண்டிலேயே கலாசேத்திராவில் நெசவுக்கூடம் தொடங்கப்பட்டது. உடையின் நிறமும் கரையும் ஆக்கத்தின் பகுதியாகவே கருதப்பட்டன.

திருவான்மியூர் வளாகம்

1930களில் சென்னையின் தென்புறம் திறந்த நிலமாக இருந்தது. கல்வி நிறுவனங்கள் இடம் தேடித் தெற்கு நோக்கி நகர்ந்த காலம் அது. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 ஆம் ஆண்டு தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. கலாசேத்திரா அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்தில் வளர்ந்தது. 1945 ஆம் ஆண்டு ஜார்ஜ் அருண்டேல் மறைந்த பிறகு, தனக்கென ஓர் இடத்தைத் தேடவேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது.

அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடலோரச் சிற்றூராக இருந்த திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் மணல் நிலம் பெறப்பட்டது. மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் கலாசேத்திரா அங்குக் குடிபெயர்ந்தது. ஓலை வேய்ந்த குடில்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடைபெற்றன. பின்னர் கேரளக் கோயில் கூத்தம்பலங்களின் அமைப்பில் அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த அரங்கம் எழுந்தது.

கலாசேத்திராவில் பயின்றோர் பலர் தென்சென்னையிலேயே தங்கித் தனிப் பள்ளிகள் நடத்தினர். தனஞ்செயனும் அவர் துணைவியார் சாந்தாவும் 1968 ஆம் ஆண்டு தோற்றுவித்த பரதகலாஞ்சலி இவற்றுள் ஒன்று. அடையாறு கே. இலட்சுமணன் மற்றொரு பெயர்பெற்ற ஆசிரியர். பெசன்ட் நகரில் வாழ்ந்த சந்திரலேகா, 1985 ஆம் ஆண்டு அமைத்த அங்கிகா என்னும் ஆக்கத்தில் புராணக் கதைகளை விலக்கி, களரிப்பயிற்று, பரதநாட்டியம் ஆகியவற்றின் உடலசைவையே பொருளாகக் கொண்டார். ருக்மிணி தேவியின் வழிக்கு மாறான ஒரு வழி, அவரது வளாகத்துக்கு மிக அருகிலேயே தோன்றியது குறிப்பிடத்தக்கது.

மாறுபட்ட கருத்துகள்

ருக்மிணி தேவியின் பணி குறித்து இருவேறு மதிப்பீடுகள் நிலவுகின்றன. அழியும் நிலையில் இருந்த கலையை இவர் காத்தார், அதற்கு மதிப்புத் தேடித்தந்தார் என்பது ஒரு சாராரின் கருத்து. வழிவழியாக அக்கலையை வளர்த்த இசை வேளாளர் மரபினரின் கையிலிருந்து அது நழுவி உயர்சாதி நடுத்தர வகுப்பினரின் கைக்கு மாற இவரது பணி காரணமாயிற்று என்பது மற்றொரு சாராரின் கருத்து. 1947 ஆம் ஆண்டு பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. அதன்பின் மரபுவழி ஆடிவந்த பெண்களுள் பலர் மேடையிழந்தனர். அதே காலத்தில் பரதநாட்டியம் புதிய மேடைகளில் செழித்தது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையே இவ்விவாதத்தின் மையமாகும்.

சிருங்காரம் பற்றிய கருத்து வேறுபாடும் புகழ்பெற்றது. ருக்மிணி தேவி, கொச்சையானவை என்று தாம் கருதிய பதங்களையும் அசைவுகளையும் விலக்கி, பக்தியை முன்னிறுத்தினார். மரபில் வந்த பெருங்கலைஞரான பாலசரசுவதி இதை ஏற்கவில்லை. சிருங்காரமே உணர்வுகளுள் தலையாயது, அதைத் தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்பது அவரது நிலை. 1975 ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் பரதநாட்டியம் பற்றிய தம் கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். இருவரும் கௌரி அம்மாளிடம் பயின்றவர்கள் என்பது இவ்வேறுபாட்டை மேலும் பொருளுடையதாக்குகிறது. ஒரே ஆசிரியரிடமிருந்து இரு வேறு அழகியல்கள் கிளைத்தன.

நாட்டிய நாடகங்கள் குறித்தும் விமர்சனம் உண்டு. குழுவின் ஒழுங்குக்கும் கோடுகளின் தூய்மைக்கும் தரப்பட்ட முதன்மை, தனிக்கலைஞரின் கற்பனையைக் குறைத்தது என்று சிலர் கூறுவர். சதிரில் ஒரே வரிக்குப் பலவாறு அபிநயிக்கும் மனோதர்மம் இருந்தது. பலர் சேர்ந்து ஆடும் அமைப்பில் அதற்கு இடம் குறைவு. மேலும், நட்டுவனாருக்கு உரியதாக இருந்த ஆக்கப்பணி நடன அமைப்பாளர் என்ற புதிய பெயருக்குச் சென்றபோது, பழைய நட்டுவனார்களின் பெயர்கள் மறக்கப்பட்டன என்ற குறையும் சுட்டப்படுகிறது. எதிர்த்தரப்பினர், அந்நட்டுவனார்களையே ஆசிரியர்களாக அழைத்து மதித்தது கலாசேத்திரா என்பதை எடுத்துக்காட்டுவர்.

பிற பணிகள்

1952 ஆம் ஆண்டு ருக்மிணி தேவி மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956 இல் மீண்டும் நியமனம் பெற்று 1962 வரை பணியாற்றினார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க இவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாக வழிவகுத்தது. அச்சட்டத்தின்படி 1962 இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராகவும் இவர் விளங்கினார்.

உ. வே. சாமிநாதையர் தேடித் தொகுத்த ஏட்டுச்சுவடிகளையும் நூல்களையும் காக்க, அவர் மறைந்த மறு ஆண்டான 1943 இல் அடையாற்றில் நூலகம் அமைய இவர் உதவினார். பின்னர் அந்நூலகம் பெசன்ட் நகரில் நிலைபெற்றது. மரியா மாண்டிசோரி 1939 ஆம் ஆண்டு அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததிலும் அருண்டேல் தம்பதியருக்குப் பங்குண்டு. 1977 ஆம் ஆண்டு பிரதமர் மொரார்ஜி தேசாய் இவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பியபோது இவர் மறுத்துவிட்டார்.

விருதுகள்

- பத்ம பூசண், 1956
- சங்கீத நாடக அகாதெமி விருது, 1957
- சங்கீத நாடக அகாதெமி உறுப்பாண்மை, 1967
- விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் தேசிகோத்தமா, 1972
- மத்தியப் பிரதேச அரசின் காளிதாசர் விருது

மறைவும் தொடர்ச்சியும்

ருக்மிணி தேவி 1986 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். கலாசேத்திரா தொடங்கி அப்போது ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. நாடாளுமன்றம் இயற்றிய 1993 ஆம் ஆண்டுக் கலாசேத்திரா அறக்கட்டளைச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்தது.

இவரது நாட்டிய நாடகங்கள் கலாசேத்திராவில் தொடர்ந்து மேடையேற்றப்படுகின்றன. அவற்றை அமைத்தவர் காட்டியவாறே மாற்றமின்றி ஆடுவதா, புதிய தலைமுறையின் நோக்குக்கு ஏற்பத் திருத்துவதா என்பது அங்குப் பயில்வோர் முன் நிற்கும் கேள்வியாகும். ருக்மிணி தேவி தாம் கற்ற மரபை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் முழுதும் கற்காமல் அதைத் தொடவும் இல்லை. இவ்விரு செய்திகளுமே இவரது ஆக்கங்களிலிருந்து மாணவர் பெறும் பாடமாக உள்ளன.